கூனிச் சம்பலும் தாஹிரின் நம்பரும்

கிண்ணியா
24.10.2024

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். தோஹாவில் உங்கள் உடம்பு எப்படி என்று எழுதுங்கள். மூதூரில் மதினியும் பிள்ளைகளும் நல்ல சுகம். போன கிழமை வந்து என்னோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.

கையில் போன் இருக்க இவளுக்கு என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் எடுக்கும்போதெல்லாம் நான் எடுக்காதது கோபத்தில் இல்லை. போனில் எல்லாரும் முதலில் அழுகிறார்கள். பிறகு நான் அழும்வரை காத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வரவில்லை நானா. பன்னிரண்டு நாளாக வரவில்லை. கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

நடந்ததை உம்மா சொல்லியிருப்பா. அழுதுகொண்டு சொன்னபடியால் பாதி விளங்கியிருக்காது. 12ஆம் திகதி சனிக்கிழமை காலையில் இவர் பன்னிரண்டு போத்தல் கூனிச் சம்பலோடு நிலாவெளிக்கு வெளிக்கிட்டார். வீரசிங்கம் அண்ணரின் சாப்பாட்டுக் கடைக்கு. திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சு நோவு வந்திருக்கிறது. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத்தான் தானும் நிலத்தில் இருந்தார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். போத்தல் பன்னிரண்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன். பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள். பெப்ரவரி 17 வரை படலையைத் தாண்ட ஏலாது, அந்நிய ஆண்களோடு கதைக்க ஏலாது. தேவைக்குக் கதைக்கலாமா என்று பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டால் கதைக்கலாம் என்பார். உம்மாவிடம் கேட்டால் "வாயத் திறக்கப்படாது" என்பா. நான் இருப்பது உம்மாவோடு.

ஏழாம் நாள் ஓதல் முடிந்ததும் இவருடைய காக்கா இல்ஹாம் மச்சான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "தங்கச்சி, சம்பல நிப்பாட்டத் தேவல்ல. நீ செய், நான் விக்கிறன். தம்பிட போனை எனக்குத் தந்திடு. ஆக்கள் அந்த நம்பருக்குத்தானே எடுக்கிற?"

நல்ல மனதோடுதான் கேட்டார். இத்தா முடியட்டும் என்று உம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். போனைக் கொடுத்தால் வியாபாரம் மச்சானுடையது. அதற்குப் பிறகு நான் கூலிக்குச் சம்பல் கிண்டுகிறவள். இத்தா முடிகிற நாளில் நான் தனியாக விற்பேன் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் போனைக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

நீங்கள் பதினொரு வருடமாகக் கடைத் தட்டில் சாமான் அடுக்குகிறீர்கள். சந்தைப்படுத்தல் என்று இரவு வகுப்புக்கும் போனீர்கள். அந்தச் சான்றிதழை உம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறா, இலையான்தான் வந்து மொய்க்கிறது அதில். படித்ததை எனக்கு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி ஷிஃபானா


தோஹா
9.11.2024

அன்புத் தங்கச்சி ஷிஃபானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உம்மாவின் முழங்கால் நோவுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் பெட்டியைக் கீழே வைத்தார் என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டுப் பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். தாஹிர் மச்சானின் மய்யித்து அடக்கத்துக்கு வர எனக்கு நேரத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் மனேஜரின் அறைக்கு வெளியே நின்றேன். அவர் கையெழுத்து வைக்கும்போது அங்கே அடக்கி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அதை இப்போது எழுத ஏலாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ஆசிரியர் கேரளாக்காரர். முதல் நாளே கரும்பலகையில் நான்கு சொல் எழுதினார். பொருள், விலை, இடம், அறிவிப்பு. எதை விற்றாலும் இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கதிரைக்கு ஒரு கால் கட்டையாக இருந்தால் மற்ற மூன்று காலும் நல்லதாக இருந்து என்ன பிரயோசனம்? இதுவரை நீ பொருளை மட்டும் பார்த்தாய், மிச்சம் மூன்றையும் மச்சான் தூக்கிக்கொண்டு திரிந்தார். இனி நான்கும் உன் தலையில்.

முதலில் பொருள். வாங்குகிறவன் ருசிக்குத்தான் திரும்பி வருவான். ஒக்டோபரில் வாங்கிய போத்தலும் ஜனவரியில் வாங்குகிற போத்தலும் ஒரே ருசியாக இருக்க வேண்டும். அதற்குக் கைப்பக்குவம் காணாது, அளவு வேண்டும். என்ன, எவ்வளவு என்று ஒழுங்காக எழுதி அனுப்பு. ஓடர்கள் எப்படி வருகின்றன, யார் பதில் சொல்கிறார்கள் என்றும் எழுது.

இரவில் நித்திரை கொள்கிறாயா? சாப்பிடுகிறாயா?

நானா ஜவ்பர்


கிண்ணியா
24.11.2024

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஒரு கிழமையாக மழை விடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, முற்றத்தில் கணுக்காலளவு நிற்கிறது. உம்மாவுக்கு முழங்கால் நோவு கூடத்தான். நீங்கள் மழை இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், இருமல் வராது என்று நினைக்கிறேன்.

அளவு கேட்டீர்கள். கூனி இறால் ஒரு கிலோ. இலங்கைத்துறையிலிருந்து காய்ந்து வருகிறது, அரித்து மண் எடுத்து வறுக்க வேண்டும். செத்தல் மிளகாய் முந்நூறு கிராம். சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ. கறிவேப்பிலை இரண்டு பிடி. பழப்புளி ஒரு தேசிக்காய் அளவு உருண்டை. எண்ணெய் ஒன்றரைப் போத்தல்.

உப்புக்கு அளவு இல்லை. கூனியில் ஏற்கெனவே கடலுப்பு இருக்கும், ஒரு மூட்டையில் கூட, ஒரு மூட்டையில் குறைய. அதனால் உப்பைக் கடைசியில்தான் போடுவேன். கொஞ்சம் போட்டுவிட்டுக் கூப்பிடுவேன். இவர் பாண் விளிம்பில் தடவி வாயில் வைத்துவிட்டு முகட்டைப் பார்ப்பார். "இன்னும் ஒரு கிள்ளு" என்பார். போடுவேன். திரும்ப ஒரு பாண் துண்டு. "காணும்" என்றால் இறக்குவேன். நான் சமைத்ததை நான் ருசி பார்த்ததே இல்லை. மிளகாய்ப் புகையில் இரண்டு மணித்தியாலம் நின்றவளுக்கு நாக்கு வேலை செய்யாது. இவரும் "உன்னட நாக்குப் பொய் சொல்லும்" என்று விடமாட்டார். இப்போது கைக்கு வந்தபடி போடுகிறேன்.

சாப்பிடுகிறேன். சோறா, பாணா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லாம் ஒன்றுதான். நித்திரை கொள்கிறேன்.

ஓடர்கள் குறையவில்லை. வீரசிங்கம் அண்ணர் மாதம் பன்னிரண்டு எடுத்தவர், இந்த மாதம் பதினெட்டு கேட்டார். பக்கத்து வீட்டு ஸல்ஹா கூனி அரித்துத் தருகிறாள். பெட்டியைக் கட்டி அவளிடம் கொடுத்தால் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வருவாள், அங்கே இறக்கி எடுப்பார்கள். பதில் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சி ஷிஃபானா


தோஹா
7.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். மழைச் செய்தியைப் பார்த்துப் பயந்துவிட்டேன். முற்றத்துத் தண்ணீர் வடிந்ததா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் கடையில் இலங்கைச் சாமானுக்கு என்று நான்கு தட்டு இருக்கிறது. நோன்பு மாதத்தில் விடியமுன் ஸஹருக்குச் சோறோடு வைத்துச் சாப்பிட எங்கள் பொடியன்கள் சம்பல்தான் தேடுகிறார்கள். மனேஜரிடம் கதைத்தேன். மாதிரி பார்த்துப் பிடித்தால் நோன்பின் நடுவில் முந்நூறு போத்தல் எடுப்பதாகச் சொன்னார். முந்நூறு, தங்கச்சி! இல்ஹாம் மச்சானிடம் அதைக் காட்டினால் அதற்குமேல் கதை இல்லை. தட்டில் இடம் நான் பார்த்துக்கொள்வேன். காலடியில் வைத்தால் ஒருவரும் குனிய மாட்டார்கள். கண் மட்டத்தில் வைப்பேன்.

இங்கே வேலை செய்கிற மூதூர் லாபிர் ஊருக்கு லீவில் வந்து நிற்கிறான், 23ஆம் திகதி திரும்புகிறான். அவனிடம் ஆறு போத்தல் கொடுத்து விடு. விலையை யோசித்து எழுது. மலிவாகப் போடாதே. மலிவு என்றால் அதில் ஏதோ குறை என்று நினைப்பார்கள்.

பிறகு லேபல். பெயர், உள்ளே என்ன, எந்தத் திகதி செய்தது, எத்தனை மாதம் வைக்கலாம், தொடர்புக்கு ஒரு நம்பர். பெயர் பழையபடி தாஹிர் கூனிச் சம்பல் என்று இருக்கட்டும், ஆக்களுக்குப் பழகிய பெயர். நம்பருக்கு என்னுடையதைப் போடுகிறேன். நீ இத்தாவில் இருந்துகொண்டு போன் கதைக்க ஏலாதுதானே. மச்சானின் நம்பரை இனி நிப்பாட்டி விடு.

நானா ஜவ்பர்


கிண்ணியா
20.12.2024

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தண்ணீர் வடிந்துவிட்டது. உம்மா சுகம், உங்கள் தைலத்தை விசாரித்தா. மதினிக்குத் தடிமனும் தும்மலும், பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆறு போத்தலையும் துணியில் சுற்றிப் பெட்டி கட்டி மூதூர் பஸ்ஸில் போட்டுவிட்டோம். லாபிர் எடுத்துவிட்டான்.

விலை உள்ளூருக்கு அறுநூற்று ஐம்பது ரூபா. இவர் வைத்த விலை, நான் மாற்றவில்லை. அங்கே என்ன போடுவது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். முந்தி நாங்கள் கண்டவருக்கும் கொடுத்தோம். இப்போது ஒரு தாளில் எடுப்பவர்களைப் பிரித்து எழுதினேன். சாப்பாட்டுக் கடைகள் ஏழு. திருகோணமலை டவுனில் சில்லறைக் கடைகள் மூன்று. வெளிநாடு போகிறவர்களுக்குக் கொடுத்து விடுகிற வீடுகள் முப்பத்தேழு. ஆகக் கூட எடுப்பது இந்த வீடுகள்தான். பயணப் பையில் உடையாத போத்தல் வேண்டும், எண்ணெய் ஒழுகாத மூடி வேண்டும். அதனால் மூடியை மாற்றினேன். இதை உங்கள் கேரளா ஆசிரியரிடம் சொன்னால் எனக்கும் ஒரு சான்றிதழ் தருவாரா?

லேபலில் இவருடைய நம்பர்தான் இருக்கும். உங்களுடையது வேண்டாம். நிப்பாட்டவும் மாட்டேன். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன், இதை மட்டும் கேட்காதீர்கள்.

தங்கச்சி ஷிஃபானா


தோஹா
5.1.2025

தங்கச்சி ஷிஃபானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஆறு போத்தலும் கிடைத்தன. சம்பல் நல்லது, ருசி அப்படியே. மனேஜரிடம் இரண்டு கொடுத்தேன். பார்ப்போம் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது வேறு. லாபிர் பெட்டியைத் தரும்போது சொன்னான்: "ஜவ்பர் நானா, தாஹிர் காக்கா சலாம் சொல்லச் சொன்னார்."

எப்போது சொன்னார் என்றேன். போனை எடுத்துக் காட்டினான். டிசம்பர் 19. மச்சானின் நம்பர். "பெட்டி நாளை மூதூர் பஸ்ஸில் வரும். நன்றி. ஜவ்பர் நானாவுக்கு சலாம் சொல்லவும். தாஹிர்." அவன் மூதூரான், மௌத்துச் செய்தி அவனுக்கு எட்டவில்லை. நான் என்ன செய்வேன்? சலாத்துக்குப் பதில் சொன்னேன். நாற்பது நாள் கத்தம் ஓதி முடித்த மனுசனின் சலாத்துக்கு, கடை வாசலில் நின்று பதில் சொன்னேன்.

மச்சான் எழுதுகிறவரா, ஷிஃபானா? ஒரு சொல் எழுத அவருக்குப் பஞ்சி. எல்லாவற்றையும் போனில் வாயால் சொல்லித்தான் அனுப்புவார், பின்னால் ஓட்டோ இரைச்சலும் கேட்கும். நன்றி என்று வாயால்கூட சொன்னதில்லை.

யார் எழுதுகிறது? நீயா? எத்தனை பேருக்கு? இது நல்லதில்லை. மௌத்தானவரின் பெயரில் இப்படிச் செய்யலாமா? உடனே எழுது.

ஜவ்பர்


தோஹா
26.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று கிழமையாகிவிட்டது, உன் கடிதம் இல்லை. உம்மாவிடம் போனில் கேட்டேன். "இருக்கிறாள், சமைக்கிறாள், ஒண்டும் கதைக்கிறாள் இல்ல" என்றா.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போடு. அன்று ஒரு வேலை செய்தேன் என்று எழுதினேன் அல்லவா? லீவுக் கடதாசி கையில் வந்ததும், இனிப் போய் என்ன என்று மலசலகூடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு மச்சானின் நம்பருக்கு எழுதினேன். "மச்சான், வர ஏலாமப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்க." மூன்றாம் நாள் பார்த்த அடையாளம் நீலமாக விழுந்தது. யாரோ பார்த்தார்கள் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கிழமையாகப் பதில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி. அப்படிப்பட்ட நான் உன்னைக் கேள்வி கேட்டேன்.

சாப்பிடு. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நானா


கிண்ணியா
27.1.2025

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் வந்து எட்டு நாள். பதிலை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

ஓம், நான்தான்.

மூன்றாம் நாள் ஓதல் நடந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க ஆக்கள். இவருடைய போன் என் மடியில் இருந்தது. அதில் வீரசிங்கம் அண்ணரின் குரல் செய்தி வந்தது: "தாஹிர், என்னடா தம்பி, சனிக்கிழமை வாறனெண்டு சொல்லிப்போட்டு வரேல்லை?" அவருக்கு நான் குரல் கொடுக்க ஏலாது. எழுதினேன். "சனி வர ஏலாமப் போச்சு. சம்பல் பஸ்ஸில் அனுப்புகிறேன்." அதில் எந்தச் சொல் பொய்? அனுப்பிய பிறகுதான் கீழே தாஹிர் என்று போட்டதைக் கண்டேன்.

அதை அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மறுநாள் டவுன் கடையிலிருந்து வந்தது. அதற்கும் எழுதினேன். இப்போது நாற்பத்தேழு பேருக்கும் நான்தான் தாஹிர். காலையில் எழும்பி, தொழுது, இவராகி எல்லாருக்கும் பதில் போட்டுவிட்டு, பிறகு நானாகி அடுப்பைப் பற்ற வைக்கிறேன். எனக்குக் கவலையும் இல்லை, பயமும் இல்லை, நானா. கையால் தொட்டால் மரக்கட்டை மாதிரி இருக்கிறேன். ஆனால் அந்தப் போனில் இவருக்கு வேலை இருக்கிறது. ஓடர் இருக்கிறது. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

இல்ஹாம் மச்சானுக்குத் தெரியாது. இத்தா முடிய இன்னும் இருபத்தொரு நாள். அன்றைக்குச் சொல்ல வேண்டி வரும். அவர்கள் வாங்குவது தாஹிரிடம். இல்லையென்று தெரிந்தால் என்னிடம் வாங்குவார்களா? வாங்காவிட்டால் இந்த நான்கு மாதக் கணக்கெல்லாம் நான் எனக்கே சொன்ன கதை. போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

எனக்குக் கடுமையாக எழுதுங்கள். ஒருவரும் எழுதுகிறார்கள் இல்லை.

ஷிஃபானா


தோஹா
10.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. கடுமையாக எழுது என்கிறாய். ஏலாது.

நான்காவது கால் அறிவிப்பு என்று சொன்னேன். விற்கிறவர் யார் என்பதைச் சொல்வதும் அதற்குள்தான் வரும். ஆசிரியர் அதை இப்படி ஒரு வீட்டுக்குப் பொருத்திச் சொல்லித் தரவில்லை. லேபலில் எந்த நம்பர், எந்தப் பெயர் என்று நீயே முடிவெடு. நோன்புக்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். மனேஜர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. சம்பலைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அது பெரிய விசயம் இல்லை, பிறகு கதைப்போம்.

17ஆம் திகதி நான் லீவு எடுத்து அறையில் இருப்பேன். ஒன்றுக்கும் இல்லை, சும்மா.

நானா ஜவ்பர்


கிண்ணியா
23.2.2025

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மா சுகம். நேற்று மாலை நான் போன் எடுத்தபோது நீங்கள் அழுதுகொண்டே இருந்தபடியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

17ஆம் திகதி காலையில் குளித்து, துஆ ஓதி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். அடுத்த நாள் இல்ஹாம் மச்சான் வந்து முன் கதிரையில் இருந்தார். "என்ன முடிவு, தங்கச்சி?" என்றார். நான் வாயைத் திறக்க முன்னர் இவருடைய போன் அடித்தது. வீரசிங்கம் அண்ணர். நான்கு மாதமும் அவர் ஒரு தரமும் கோல் எடுத்ததில்லை, அந்த முதற் குரல் செய்திக்குப் பிறகு எழுத்தில்தான் வந்தார். மச்சான் கையை நீட்டினார். நான் பச்சையை அமத்திக் காதில் வைத்தேன்.

"ஹலோ," என்றேன். "தாஹிர் இல்லை. ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி மௌத்தாகிட்டார். நான் அவர்ட மனுசி ஷிஃபானா. சம்பல் செய்யிறதும் நான்தான், இவ்வளவு நாளும் எழுதினதும் நான்தான்."

அந்தப் பக்கம் சட்டிக் கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "தெரியும் பிள்ளை."

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் கிழமையே பஸ் கண்டக்டர் சொல்லிப்போட்டான். சொல்லாட்டிலும் தெரியும். தாஹிர் எனக்கு நன்றி எண்டு எழுதுவானோ? அவன் கொழுப்பு எடுத்தவன். உங்கட ஆக்களுக்கு நாலு மாசம் பத்து நாள் எண்டு எண்ணிப் பாத்து நேற்றோட முடிஞ்சுது எண்டுதான் இண்டைக்கு எடுத்தனான்."

ஏன் பதினெட்டுப் போத்தல் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"தனிய நிக்கிற பிள்ளை எண்டு எடுத்தனான். ஆனா இனி ஏலாது, பிள்ளை. உப்பு!"

"என்ன உப்பு?"

"ஐயோ பிள்ளை, ஒக்டோபர் தொடக்கம் உப்புக் கரிக்குது. தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டிப் பிரட்டித்தான் சனத்துக்கு வைக்கிறன். செத்தவன்ர பேரில எழுதிற பிள்ளைக்கு உப்புக் கூட எண்டு நான் எப்பிடி எழுதிறது, சொல்லும் பாப்பம்?"

போனை வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி, கூடத்தான்," என்றார். உம்மாவைப் பார்த்தேன். "நீ இருக்கிற இருப்பில என்னெண்டு, மகள், சொல்லுற?" என்றா. மதிலுக்கு அந்தப் பக்கம் ஸல்ஹா துணி காய வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "நான் தண்ணி குடிச்சிக் குடிச்சித் திண்டன், ராத்தா," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, நானா. அப்படி ஒரு கோபம் என் சீவியத்தில் வந்ததில்லை. நான்கு மாதமாக என் வீட்டுப் பொருள் கெட்டுப் போயிருக்கிறது. விலையும் இடமும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், முதற்காலே கட்டை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நீங்களும்தான்! ருசி அப்படியே என்று எழுதினீர்கள். உங்கள் மனேஜர் சொன்ன அந்த ஒரு சொல் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். பொய்யர் நீங்கள். எல்லாரும் பொய்யர். ஆகப் பெரிய பொய்க்காரி நான்.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அலுமாரியில் இருந்த பன்னிரண்டில் ஒன்றை எடுத்துத் திறந்தேன். ஆறு மாதம் தாங்கும் என்று நாங்களே லேபலில் போட்டிருக்கிறோம், நாலுதான் ஆகியிருந்தது. பாண் விளிம்பில் தடவி வாயில் வைத்தேன். இவர் வாயில் வைத்துக் காணும் என்று சொன்ன சம்பல் அது. உறைத்தது. புளித்தது. உப்பு அளவாக இருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு சாமான் வாயில் ருசித்தது. அப்போதுதான் நானா எனக்கு வந்தது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்களே, அது. உம்மா கதவைத் தட்டினா. நான் திறக்கவில்லை. அரைப் போத்தலை அப்படியே அழுது அழுது தின்று முடித்தேன்.

மிச்ச அரைப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் புதுச் சட்டி ஏற்றினேன். தேக்கரண்டியால் அளந்து போட்டேன். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். இந்த மூட்டைக் கூனிக்குக் கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. நான் போட்டுக்கொண்டிருந்தது நாலு. நவம்பரில் நீங்கள் கேட்ட அளவு இதுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் நாக்கு இனிப் பொய் சொல்லாது. "காணும்" என்று நானே சத்தமாகச் சொல்லி இறக்கினேன். கேட்க ஒருவரும் இல்லை.

நேற்றுச் சனிக்கிழமை மிச்சம் பதினொரு போத்தலையும் அதே பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன். இல்ஹாம் மச்சான் தான் கொண்டுபோவதாகச் சொன்னார். வேண்டாம், நான் போகிறேன் என்றேன். பஸ் நிலையம் வரை ஓட்டோவில் கொண்டுவந்து விட்டார். நிலாவெளி பஸ் வர நாற்பது நிமிசம். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கை நொந்தது, வைக்கவில்லை.

வீரசிங்கம் அண்ணர் பெட்டியைத் திறந்து எண்ணினார். லேபலில் இருந்த திகதியை வாசித்தார்.

"ஒண்டு குறையுது, பிள்ளை," என்றார்.

"அதை நான் சாப்பிட்டிட்டன், அண்ணர்," என்றேன்.

இந்த மாதத்துக்கு அவருக்குப் பன்னிரண்டு காணுமாம், பதினெட்டு வேண்டாமாம். மற்ற நாற்பத்தாறு பேருக்கும் ஒவ்வொருவராகக் கோல் எடுத்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதுவரை பத்தொன்பது பேர். அதில் பதினொரு பேருக்கு முன்பே தெரியும். நான்கு பேர் இனி வேண்டாம் என்றார்கள். மிச்சப் பேர் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மச்சான் போனை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவருக்கும் தெரியும்.

ஆகவே முந்நூறை இப்போது கேட்காதீர்கள். புதுச் சட்டியில் ஆறு போத்தல் அனுப்புகிறேன், மனேஜரிடம் கொடுத்துவிட்டு அவர் வாயால் வருவதை அப்படியே எழுதுங்கள். லேபலில் நம்பர் அதே நம்பர். பெயர் ஷிஃபானா கூனிச் சம்பல்.

உங்கள் அந்தச் செய்தியை நான் மூன்றாம் நாளே பார்த்துவிட்டேன். நாற்பத்தேழு பேருக்கு இவர் பேரில் பதில் எழுதியவள், அதற்கு மட்டும் எழுதவில்லை. எழுத வரவில்லை. இப்போது என் பேரில் எழுதுகிறேன்: வர ஏலாமல் போனதுக்கு இவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். அவருக்கும் அன்றைக்கு நிலாவெளிக்குப் போக ஏலாமல்தான் போனது.

இனி உப்புக் கூடினால் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி ஷிஃபானா